கஸ்தூரி அக்கா போட்ட சுவிட்ச்

அன்று மாலை எங்கள் கம்பெனிப் பேருந்து ஒரகடம் சந்திப்பில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு டிரெய்லர் லாரி சாலைக்குக் குறுக்கே நின்றது. அதன் அடியில் ஒரு ஷேர் ஆட்டோ, மிதித்துப் போட்ட தகர டப்பாவைப் போல. தார்ச்சாலையில் மணல் கொட்டியிருந்தார்கள். ஓட்டுநர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். இருக்கையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார். “பிள்ளைப்பாக்கத்து பொம்பள ஒண்ணு ஸ்பாட்லயே போயிட்ச்சாம். முன்ன பிரஸ் கம்பெனில போர்டுல குந்திகினு இருந்துச்சே, கஸ்தூரி, அதான்.”

எல்லோரும் சன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நான் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கஸ்தூரி அக்காவின் மரணத்தில்கூட அமைதி இல்லை. அவருடைய வாழ்க்கையில் நான் பார்த்த பகுதியிலும் இல்லை. அதனால் அவரைப் பற்றி மென்மையான சொற்களில் எழுத எனக்கு வரவில்லை. அவரோடு வேலை செய்த நீங்கள் இந்த இதழில் இதைப் படிக்கும்போது, அவர் பேசிய கெட்ட வார்த்தைகளை நான் விட்டுவிட்டேன் என்பதை உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தந்த இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில் அவர் டெலிபோன் போர்டில் ஆபரேட்டர். பிரஸ்கள் ஓடும் கூடத்தில், அதாவது ஷாப்பில், யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மைக்கில் அழைப்பதும் அவர்தான். அந்தக் கம்பெனி நிற்கும் நிலத்தில் ஒரு பங்கு அவருடைய மாமனார் வீட்டுக் கழனி. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று பேசி, அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். நிலத்துக்கு வந்த பணம் கல்யாணங்களிலும் கடனிலும் கரைந்துபோனது. கணவருக்கு லாரியில் நிலையில்லாத வேலை. கடைசியில் அந்த நிலத்துக்குப் பதிலாக அந்த வீட்டில் மிஞ்சியது அந்த நாற்காலிதான்.

அதைப் பற்றி அவர் சோகமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஜி.எம். ஏசி போட்டுகினு குந்தினுகீறாரே, அது இன்னா எடம் தெரியுமா டிகிரி? எங்க வூட்டு பொம்பளைங்க காலைல சொம்பு எட்த்துகினு போற எடம்” என்பார். சொல்லிவிட்டு ஜி.எம். அறை இருக்கும் பக்கம் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வார்.

டிகிரி என்பது நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதை ஒருநாள் தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றோடு என் சொந்தப் பெயர் போயிற்று. ஜெனரல் மேனேஜர் அறையில் கடிதம் அடிக்கவும் கூட்டங்களில் குறிப்பெடுக்கவும் என்னை எடுத்திருந்தார்கள். எனக்குப் பேசவே கூச்சம். இன்டர்காமில் “அக்கா, சார் ஒரு கால் கேட்கிறார்” என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். “இன்னா டிகிரி, வாய தொறந்தா காசு கொட்டிடுமா? சத்தமா சொல்லு. எலி பேசற மாதிரி கீது” என்பார்.

முதல் நாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, ஜி.எம். அறையின் கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓர் இரும்பு பிராக்கெட் வந்து என் காலடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே பர்ச்சேஸ் ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். விரலிடுக்கில் ரத்தம். யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. கீபோர்டுகளின் சத்தம்கூட நிற்கவில்லை. வீடு பெருக்குவதுபோல ஒரு பெண் துடைப்பமும் முறமுமாக வந்து கண்ணாடியை அள்ளிக்கொண்டு போனார். போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பருத்த அம்மாள் காதிலிருந்த ஹெட்போனைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். “புச்சா வந்த பொண்ணா? தலைய குனிஞ்சிகினு நடக்காதம்மா. நிமிந்து நட. அப்பதான் இன்னா பறந்து வர்துன்னு தெரியும்.”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். முந்தைய நாள் பழுதென்று கழித்த பாகங்களைச் சிவப்புத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு தட்டில் அடுக்கி, மேஜையில் வைக்க வேண்டும். அது என் வேலை. ஜி.எம். ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். “யாருது இது?” என்று கேட்பார். யாருடையதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். பிறகு அது பறக்கும். நான் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது குவாலிட்டி இன்ஜினியர் படிக்கட்டில் வழிமறித்து, “மேடம், வாஷரை மேல வைங்க மேடம். வெயிட்டான ஹிஞ்ச்சை அடியில போடுங்க. முதல் கோபம் வாஷர்ல போயிடும்” என்று கெஞ்சுவார். அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள். நான் வாஷரை மேலே வைப்பேன். “ஷாப்புல ஹெல்மெட் போடு போடுன்றானுங்க. போட வேண்டியது மீட்டிங்ல” என்பார் கஸ்தூரி அக்கா.

அங்கே அடி மேலிருந்து கீழே இறங்கும். ஜி.எம். கோப்பை மேனேஜரின் முகத்தில் வீசுவார். மேனேஜர் கீழே போய் சூப்பர்வைசரின் சட்டைக் காலரைப் பிடிப்பார். சூப்பர்வைசர் கான்ட்ராக்ட் ஆளின் பிடரியில் போடுவார். கான்ட்ராக்ட் ஆள் கழிவறைக் கதவை உதைப்பார். அந்தக் கதவில் தாழ்ப்பாள் நிலைத்து நான் பார்த்ததே இல்லை.

கஸ்தூரி அக்காவும் சாதுவானவர் இல்லை. கேட்டில் பை சோதனை செய்யும் சாக்கில் ஒரு காவலாளி பேக்கிங் பெண்ணின் இடுப்பைத் தொட்டபோது, அவர் வரிசையிலிருந்து விலகி வந்து செருப்பைக் கழற்றினார். அந்த ஆளின் தொப்பி சாலைக்கு உருண்டுபோகும்வரை அடித்தார். பிறகு மூச்சு வாங்க, “இவன் எங்க ஊரு பக்கம். அதான் ரெண்டு எக்ஸ்ட்ரா” என்றார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது அது எனக்கு வீரமாகத்தான் தெரிந்தது.

ஜி.எம்.முக்கு ரிசீவரை ஒழுங்காக வைக்கும் வழக்கம் கிடையாது. போர்டைக் கூப்பிட்டுக் கத்துவார். கத்தி முடித்ததும் ரிசீவரை மேஜைமேல் எறிந்துவிட்டு அறையில் இருப்பவர்மேல் பாய்வார். லைன் திறந்தே கிடக்கும். அதனால் அந்த அறையில் விழும் ஒவ்வொரு வசவும் அடியும் நாள் முழுவதும் கஸ்தூரி அக்காவின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே பாதியைத்தான் கேட்டோம். அக்கா, அடிப்பவர் மூச்சு வாங்குவதுவரை கேட்டார்.

ஒருநாள் கேன்டீனில் அவர் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். “நேத்து எம்பொண்ண அட்ச்சிட்டேன் டிகிரி” என்றார்.

“எல்லா அம்மாவும்தானே அக்கா அடிக்கிறாங்க.”

“அப்டி இல்ல. பால் பாக்கெட்ட கீழ போட்டு ஒட்ச்சிட்சி. நான் சொம்ப எட்த்து மூஞ்சிக்கு நேரா வுட்டேன். புருவம் கீஞ்சி தையல் போட்டுகீது. வுட்டுட்டு இன்னா கேட்டேன் தெரியுமா? ‘யாருது இது? யாருது இது?’ன்னு கேட்டேன். ரத்தம் கொட்டுது, அது மலங்க மலங்க முழிக்குது, நான் கேட்டுகினே கீறேன்.” காதைத் தொட்டுக் காட்டினார். “அந்தாளு இது வழியா உள்ள பூந்துட்டான்.”

“வேலையை விட்டுடுங்கக்கா” என்றேன்.

“வுட்டுட்டு? கழனிய திருப்பி குடுப்பானா?”

வேலையை விட்டால் வீட்டில் ஒன்றுமில்லை. விடாமல் இருந்தால் வீட்டுக்குள் அந்த ஆள். அந்த மாதங்களில் அவருக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

பிறகு அந்த பிராக்கெட் விவகாரம் வந்தது. கார் கதவுக்குள் உட்காரும் சிறு பாகம் அது. இடப்பக்கக் கதவுக்கு ஒன்று, வலப்பக்கக் கதவுக்கு ஒன்று. ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் போட்டு அட்டை மாட்டி அனுப்ப வேண்டும். ஒரு அவசர லோடில் அட்டைகள் இடம் மாறிவிட்டன. கார் கம்பெனியில் வண்டிகள் கதவில்லாமல் வரிசையாக நின்றுபோயின.

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பென்னலூரில் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு தங்கியிருந்தார். ஒரு ஷிப்டு முடித்து, ஓ.டி.யும் முடித்து, தூக்கக் கண்ணோடு அந்த லோடை ஏற்றியிருந்தார். அவரை ஜி.எம். அறைக்கு வரச் சொல்லி மைக்கில் கூப்பிட்டது கஸ்தூரி அக்காதான்.

நான் குறிப்பெடுக்க உள்ளே இருந்தேன். ஜி.எம். போர்டைக் கூப்பிட்டு, கார் கம்பெனி லைன் இன்னும் கிடைக்கவில்லையா என்று கத்தினார். ரிசீவரை மேஜையில் எறிந்தார். பிறகு இசக்கியை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, கைக்கொன்றாக இரண்டு பிராக்கெட்டுகளை உள்ளங்கையில் வைத்தார். மூன்றாவது ஒன்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

“எது லெஃப்ட்?”

இசக்கி தினமும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடும் பாகம். அந்த நேரத்தில் அவருக்குத் தன் கைகளிலேயே எது எது என்று தெரியவில்லை. ஒரு கையை உயர்த்தினார். மூன்றாவது பிராக்கெட் அவர் விரல்மேல் இறங்கியது. எலும்பில் இரும்பு படும் சத்தம் அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“கீழ போடாத. எது லெஃப்ட்?”

மற்றக் கையை உயர்த்தினார். அதற்கும் அடி. சரியாகச் சொன்னபோதும் அடி விழுந்தது.

“யாருது இது?”

“என்னுதுதான் சார். அட்ட மாறிட்டு சார். அம்ம சத்தியமா அட்டதான் சார் மாறிட்டு. வலிக்கி சார்.”

“அழறியா? அங்க கஸ்டமர் லைன் நின்னுட்டிருக்கு, நீ இங்க அழறியா?”

ரத்தம் விரல்வழியே இறங்கிக் கம்பளத்தில் சொட்டியது. நான் குறிப்பு நோட்டைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆயுத பூசைக்கும் புத்தாண்டுக்கும் ஜி.எம். கீழே இறங்கிப் போகமாட்டார். தன் அறையிலிருந்தே தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வார். ஷாப் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கிகளில் அது எல்லோருக்கும் கேட்கும். அதற்காகப் போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. மற்ற நாட்களில் அதை யாரும் தொடுவதில்லை. அன்று கஸ்தூரி அக்கா அதைப் போட்டார்.

அறைக்குள் எங்களுக்கு உடனே தெரியவில்லை. முதலில் என் காலுக்குத்தான் தெரிந்தது. பிரஸ்கள் ஓடும்போது அந்த மாடித் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு குறைந்தது. ஒரு பிரஸ் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாம் நின்றன. அந்த அமைதியில் கூரையிலிருந்து, “எது லெஃப்ட்?” என்று கேட்டது. அடி விழும் சத்தம் கேட்டது. “வலிக்கி சார்” என்று கேட்டது.

ஜி.எம். தலையைத் தூக்கினார். யாரோ தன்னைப் போலப் பேசிக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எவன்டா அது?” என்று கத்தினார்.

“எவன்டா அது?” என்று கூரை கத்தியது.

அதன் பிறகு இரும்புப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். நீங்களெல்லாம் வந்தீர்கள். சிவப்புத் தொட்டியைக் கவிழ்த்துக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். எனக்கு உங்களில் பலரின் முகம் தெரியும். அன்று அடையாளம் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டியது. ஜி.எம். மேஜைக்கு அடியில் போய்விட்டார். நான் இசக்கியின் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன். என் முழங்கையில் கண்ணாடி ஏறியிருந்தது வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

கஸ்தூரி அக்கா போர்டிலிருந்து ஓடிவந்து அறை வாசலை அடைத்து நின்றார். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வழி வுடுக்கா. இன்னிக்கி அவன ஒரு வழி பண்ணிட்றோம்.”

“பண்ணுவ. நாளிக்கு ஒன்ன ஜீப்புல ஏத்துவான். இந்தாளு ஆஸ்பத்திரில கால நீட்டிகினு ஆப்பிள் துன்னுவான். அவன் இன்னா பண்றான்னு ஒங்க காதுல போட்டேன், அவன் காதுலயும் போட்டேன். அவ்ளோதான். போங்கடா கீழ!”

பின்னாலிருந்து ஒரு பிராக்கெட் பறந்து வந்தது. உள்ளே எறிந்ததுதான், அவருடைய கழுத்தெலும்பில் பட்டது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எறிந்தவனின் பரம்பரையைத் திட்டினார். நகரவில்லை. எறிந்தது யார் என்று எனக்குத் தெரியும், எறிந்தவருக்கும் தெரியும். கஸ்தூரி அக்கா கடைசிவரை அந்தப் பெயரைக் கேட்கவில்லை. நீங்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனீர்கள். ஜி.எம். உயிரோடு வீட்டுக்குப் போனார்.

உள்விசாரணை வைத்தார்கள். கஸ்தூரி அக்கா கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் மேனேஜர் கெட்டவர் இல்லை. அக்காவின் பக்கத்தில் வந்து குனிந்து, “கஸ்தூரி, கை தவறி சுவிட்சுல பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. பழைய போர்டு, எல்லாருக்கும் தெரியும். எச்சரிக்கையோட முடிச்சிடலாம். வேலை நிக்கும்” என்றார். அக்கா தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு உயிர் வந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி வெளியூர் வக்கீல். என் குரல் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “கோபத்தில் ஜி.எம். கை பட்டிருக்கலாம் இல்லையாம்மா?” என்று கேட்டார். “இல்லை சார். கேள்வி கேட்டுக் கேட்டு அடித்தார்” என்றேன். அது அவருக்குக் கேட்டது. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்து அக்கா. சுவிட்ச் எப்படி விழுந்தது என்று கேட்டார்கள்.

“நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்.”

பர்சனல் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் பேனாவை நிறுத்தி, “யோசித்துச் சொல்லுங்கள்” என்றார்.

“யோசிச்சிதான் போட்டேன் சார். யோசிச்சிதான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் எனக்கு அழுகை பொங்கியது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவரிடம் நான் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

“கை தவறி பட்டுட்சின்னு நான் சொன்னா, அந்தாளும் அதையேதான் சொல்லுவான். கோவத்துல கை பட்டுட்சின்னுவான். அப்பறம் அவனுக்கும் எனுக்கும் இன்னா வித்யாசம்? எம்பொண்ணு புருவத்துல தையலோட என்ன பாக்குதுடி. அதுகிட்ட கை தவறிட்சின்னா சொல்றது?”

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜி.எம்.மை மாற்றினார்கள், இப்போது இதே சாலையில் இன்னொரு ஆலையில் இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார். இசக்கியின் இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. கஸ்தூரி அக்கா சில காலம் பென்னலூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் பூத்தை மூடிவிட்டார்கள். பிறகு ஒரகடத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். இறந்த அன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். செய்ததற்கு வருத்தமே படவில்லை என்று நான் எழுதினால் அது பொய். “பொண்ணுக்கு ஃபீஸ் கட்ற மாசம் மட்டும் தோணும் டிகிரி. வாய மூடிகினு இருந்திருக்கலாமேன்னு. கட்டி முட்ச்சிட்டா தோணாது” என்று ஒருமுறை சொன்னார்.

பிள்ளைப்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பெரிய கூட்டம். பல கம்பெனிச் சீருடைகள். இசக்கி மாலையை நிமிர்ந்த விரல்களோடு பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மகள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். என்ன பேசுவது என்று தெரியாமல், “அம்மாவுக்கு உன்மேல உயிர்” என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

“தையல் போட்டதுக்கப்பறமும் அடிக்கும்க்கா” என்றாள். “கையாலதான். ஆனா அட்ச்சிட்டு அந்தப் பக்கம் போயி ஒக்காராது. எதிர்ல வந்து குந்திகினு, ‘நான்தான் அட்ச்சேன். ஒம்மேல தப்பு இல்ல’ன்னு சொல்லும். எனுக்கு அழுகயா வரும், சிரிப்பாவும் வரும்.”

இதை எழுதியதும் வீட்டில் படித்துக் காட்டினேன். உன் பெயரைப் போடாதே, முன்னாள் ஊழியர் என்று போட்டால் போதாதா என்றார் அப்பா. நான் இப்போது வேலை செய்யும் கம்பெனி, அந்த ஜி.எம். இருக்கும் ஆலைக்குப் பாகங்கள் அனுப்புகிறது. அவர் ஒரு போன் செய்தால் என் நாற்காலி போய்விடும். அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். இரண்டு நாள் யோசித்தேன்.

கஸ்தூரி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய வசவுகளோ சிரிப்போ இல்லை. செய்ததை நான்தான் செய்தேன் என்று எதிரில் உட்கார்ந்து சொல்வது. அதை மட்டும்தான் வைத்திருக்கிறேன். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடும்படி இதழாசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

த. மங்கையர்க்கரசி